குளத்தில் மீன் வேண்டும். கழனியில் உப்பு வேண்டாம்!

கடலில் சென்று வலை வீசிப் பிடித்த மீனைவிட, குளத்திலும் குட்டையிலும் கூண்டிலும் வளர்த்தெடுத்த மீன் உலகில் மிகுந்துவிட்டது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2024-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இதைத் திட்டவட்டமாகத் தெரிவிக்கிறது. 2022-ம் ஆண்டில் வளர்ப்பு முறையில் கிடைத்த மீன், இறால், சிப்பி முதலியவற்றின் அளவு 9 கோடியே 44 லட்சம் டன். நீர்வாழ் உயிரினங்களாக மனிதன் பெற்ற மொத்தத்தில் இது 51 விழுக்காடு. பிடித்த மீனை வளர்த்த மீன் முந்தியது வரலாற்றில் அதுவே முதன்முறை. இந்த வளர்ப்பில் சீனத்துக்கு அடுத்த இடத்தில் நிற்பது நம் நாடு.

இந்தச் செய்தியைக் கேட்டு மகிழ்வோர் உண்டு; மருள்வோரும் உண்டு. மீன் வளர்ப்பு நாட்டுக்கு வந்த வரம் என்பர் ஒருசாரார். மண்ணையும் நீரையும் கெடுக்க வந்த சாபம் என்பர் மற்றொரு சாரார். நாம் இரண்டையும் அப்படியே ஏற்பதற்கில்லை. எந்த மீன், எந்த நீரில், யாருடைய நிலத்தில், யாருடைய செலவில் வளர்க்கப்படுகிறது என்று கேட்ட பிறகே வரமா சாபமா என்று சொல்ல முடியும். அந்தக் கேள்விகளைக் கேட்காமல் கணக்குப் புள்ளிகளை மட்டும் காட்டிக் களிப்பதுதான் ஆளவந்தாரின் வழக்கமாக இருக்கிறது.

முதலில் நன்மையைச் சொல்வோம். நன்மையை மறைத்துத் தீமையை மட்டும் பேசுவது நேர்மை ஆகாது.

கடல் வற்றாத களஞ்சியம் என்று முன்னோர் எண்ணினர். இழுவைப் படகுகள் அடிமட்டம் வரை அரித்தெடுக்கத் தொடங்கிய பின்னர் அந்த எண்ணம் பொய்த்துவிட்டது. குஞ்சும் சினையும் பார்க்காமல் வாரினால் எந்தக் களஞ்சியமும் காலியாகும். மக்களுக்கு மீன் வேண்டும். கடலுக்கோ ஓய்வு வேண்டும். இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்கக்கூடியது குளத்து மீன்.

அடுத்து, மீன் சிக்கனமான உயிர். ஆடும் மாடும் தின்னும் தீனியில் ஒரு பகுதி உடம்பின் சூட்டைக் காப்பதற்கே செலவாகிறது. மீனுக்கு அந்தச் செலவு இல்லை. ஆகவே குறைந்த தீனியில் நிறைந்த புரதத்தை அது தருகிறது. கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடிமட்டத்தில் மேயும். ஒரே குளத்தில் மூன்றையும் விட்டால் ஒன்றோடொன்று மோதாமல் ஒவ்வொன்றும் தன் பங்கை உண்டு வளரும். புல்கெண்டையையும் சேர்த்தால் களையும் உணவாகிறது. எருவும் தவிடும் பிண்ணாக்கும் போதும். அறுவடைக்குப் பிறகு அள்ளும் வண்டல் வயலுக்கு உரம். இதில் மண்ணுக்கும் கேடில்லை, மனிதனுக்கும் கேடில்லை.

இந்தக் கெண்டை இனங்கள் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடா. ஆற்று வெள்ளத்தில் குஞ்சுகளைத் தேடிப் பிடித்து வந்து குளத்தில் விட்ட காலம் ஒன்று இருந்தது. 1957-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற அறிஞர், கபச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டையைக் குஞ்சு பொரிக்கச் செய்து காட்டினார். ஆற்றைச் சுரண்டாமலே குளத்தை நிரப்ப வழி பிறந்தது. அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். அறிவியல் ஏழைக்கு உதவிய கதைகளில் இதுவும் ஒன்று.

கல்கத்தாவின் கிழக்கே இன்னொரு காட்சி. மாநகரத்தின் சாக்கடை நீர் அங்குள்ள ஏரிகளில் தேங்குகிறது. வெயிலும் பாசியும் அந்த நீரைத் தெளியவைக்கின்றன. பாசியை மீன் உண்கிறது. மீனை மாநகரம் உண்கிறது. ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நீர்நிலைகள் 2002-ம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பெரும்பொருள் கொட்டி இயந்திரங்கள் நிறுவிச் செய்யவேண்டிய துப்புரவை, எழுதப் படிக்கத் தெரியாத மீனவர் பட்டறிவால் செய்து வருகின்றனர். கேரளத்துப் பொக்காளி வயலிலும் மழைக்காலத்தில் நெல், மழை ஓய்ந்தபின் இறால் என்று மாறி மாறி விளைகின்றன. இறால் விட்ட கழிவு நெல்லுக்கு எரு. நெல் விட்ட தாள் இறாலுக்கு இரை. மீன் வளர்ப்பு என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று சொல்ல நாம் தயங்கோம்.

ஆனால், ‘மீன் வளர்ப்பு’ என்ற ஒரே பெயருக்குள் இன்னொரு தொழிலும் ஒளிந்துகொண்டிருக்கிறது. ஊர்க்குளத்துக் கெண்டைக்குக் கிடைத்த நற்பெயரைத் தனக்கும் போர்வையாகப் போர்த்திக்கொண்டு நடமாடுகிறது அது. அதுதான் கடலோரத்து இறால் பண்ணை.

அந்தத் தொழிலின் இலக்கணம் எளிது. கடல்நீரை அல்லது கழிமுகத்து உப்புநீரைக் குழாய்வழியே இழுத்து நிலத்தின்மேல் நிறுத்தவேண்டும், இறால் குஞ்சுகளை நெருக்கமாக விடவேண்டும், தீவனத்தைக் கொட்டவேண்டும், இரவும் பகலும் சக்கரங்களைச் சுழற்றிக் காற்றூட்டவேண்டும், மூன்று நான்கு மாதங்களில் வாரி எடுத்து அயல்நாட்டுக்கு அனுப்பவேண்டும். இறால் கப்பலேறுகிறது. கழிவு நீர் எங்கே போகிறது? வாய்க்காலுக்குப் போகிறது. உப்பு எங்கே போகிறது? மண்ணுக்குள் இறங்குகிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. பாசன நீரில் 2 கிராம் அளவுக்கு உப்பு ஏறினாலே நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் நெல், அந்தப் பக்கம் உப்புநீர் என்றால், தோற்பது எது என்பதைச் சொல்லப் பெரும்புலமை தேவையில்லை. மேலும், கொட்டுகிற தீவனத்தில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் இறாலின் உடம்பில் சேர்வதில்லை. அது சேறாகவும் அழுக்கு நீராகவும் வெளியேறுகிறது. அந்த நீர் சேரும் ஓடைகளில் பாசி பெருகுகிறது, உயிர்க்காற்று குறைகிறது, ஓடை மீன் மிதக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் பழைய தஞ்சை மாவட்டத்தின் கீழைக் கரையில் இந்தத் தொழில் காட்டுத்தீயைப்போலப் பரவியது. காவிரியின் கடைமடை அது. தண்ணீர் கடைசியாக வந்து, முதலாவதாக நின்றுபோகும் பகுதி. நலிந்த உழவனின் நிலத்தை நல்ல விலை தருகிறோம் என்று சொல்லி வாங்கினர். நடுவே அகப்பட்டவன் விற்க மறுத்தால், சுற்றிலும் தேங்கிய உப்புநீர் அவனை விற்கவைத்தது. கிணற்று நீர் கரித்தது. குடிநீருக்காகப் பெண்கள் குடத்தோடு நெடுந்தொலைவு நடந்தனர். நாற்று நடவும் களை பறிக்கவும் அறுப்பு அறுக்கவும் கூப்பிட்ட வயல் போய், காவலுக்கு ஒருவரும் தீவனத்துக்கு ஒருவரும் போதும் என்ற பண்ணை வந்தது. வேலையிழந்தவர் யார்? ஒரு குழி நிலமும் இல்லாத, அன்றாடக் கூலியை நம்பிய, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். மீனவரும் தப்பவில்லை. கடற்கரைக்குச் செல்லும் வழியைப் பண்ணைகளின் வேலி மறித்தது.

1994-95-ம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளை வாரிக்கொண்டு போயிற்று. முதலாளிகள் பலர் பூட்டிவிட்டுப் போய்விட்டனர். உப்பு மட்டும் போகவில்லை. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி. வயலில் உப்பிட்டவரையும் அந்த மக்கள் மறந்துவிடவில்லை!

அந்த மக்களைத் திரட்டி நின்றவர்கள் சங்கரலிங்கம் ஜகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும். கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பின்னர் அந்த மண்ணுக்கு வந்து, நிலமற்றவருக்கு நிலம் வாங்கித் தந்து பாடுபட்டவர்கள். வாங்கித் தந்த நிலத்தை உப்பு விழுங்கக் கண்டு சும்மா இருப்பார்களா? அறப்போர் நடத்தினர், அடியும் பட்டனர், 1994-ல் உச்சநீதிமன்றத்தின் படியும் ஏறினர். 1996-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதும் தீர்ப்பளித்தனர். கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் பண்ணை கூடாது; மரபு வழிப்பட்ட முறைக்கே இடமுண்டு; விளைநிலத்தையும் உப்பளத்தையும் சதுப்புக் காட்டையும் ஊர்ப் பொதுநிலத்தையும் பண்ணையாக்கக் கூடாது; கெடுத்தவரே இழப்பீடு தரவேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பண்ணைகளால் வரும் வருவாயைவிட அவற்றால் விளையும் கேட்டின் மதிப்பே மிகுதி என்று அரசின் ஆய்வு நிறுவனமான நீரி அளித்த அறிக்கையையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

தீர்ப்பு வந்தது; திருப்பம் வந்ததா? 1997 மார்ச் 31-ந் தேதிக்குள் அகற்றப்படவேண்டிய பண்ணைகள் மறுஆய்வு மனுக்களின் நிழலில் தங்கிவிட்டன. 2005-ம் ஆண்டில் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒழுங்குபடுத்தத்தான் சட்டம் என்றனர். ஆனால் 1991-ம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று, அந்த 1991 பிப்ரவரி 19-ந் தேதியிலிருந்தே பின்னோக்கிச் செல்லும்படி அச்சட்டத்தில் எழுதிக்கொண்டனர். நீதிமன்றம் மூடிய கதவைச் சட்டமன்றத்துச் சாவி திறந்தது! 2023-ம் ஆண்டின் திருத்தம் இன்னும் ஒருபடி சென்றது. பதிவின்றிப் பண்ணை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றிருந்த விதியை நீக்கி, தண்டத்தொகை போதும் என்றாக்கிவிட்டது. தொழில் எளிதாக நடக்கவேண்டுமாம்! ஒரு பருவத்தில் பல லட்சம் பார்ப்பவனுக்குத் தண்டத்தொகை என்பது தண்டனையா, செலவுக் கணக்கில் ஒரு வரியா என்று கேட்கிறோம்.

உள்ளங்கையில் உள்ள விதிகளாவது உருப்படியாக நடக்கின்றனவா? கடல் ஓதத்தின் உச்சக் கோட்டை ஒட்டிய தடைப் பகுதியில் புதுப் பண்ணைக்கு இடமில்லை. நல்லது; அது கடற்கரையைக் காக்கும். ஆனால் வயல் இருப்பது அந்தப் பகுதிக்கு இப்பால் அன்றோ! 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்கே கழிவுநீர்த் தெளிவுக் குளம் கட்டாயம். நான்கு நான்கு ஹெக்டேராக ஒரே வாய்க்காலின் கரையில் பத்துப் பண்ணைகள் அமைந்தால், நாற்பது ஹெக்டேர்க் கழிவு அந்த வாய்க்காலில்தான் விழும். பட்டா பத்துப் பேரில் இருக்கலாம், வாய்க்கால் ஒன்றுதானே? விளைநிலத்தைத் தொடக்கூடாது என்ற நெறியும் இருக்கிறது. ஆனால் சில ஆண்டுகள் பயிரின்றிக் கிடந்து, ‘தரிசு’ என்ற சொல் ஏட்டில் ஏறிவிட்டால், அந்த நெறி செயலற்றுப்போகும். காவிரிப் படுகையைக் காக்க 2020-ம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய வேளாண் மண்டலச் சட்டம் தோல் ஆலையைத் தடுக்கிறது. செம்பு ஆலையைத் தடுக்கிறது. எண்ணெய்க் கிணற்றைத் தடுக்கிறது. அந்தத் தடைப் பட்டியலில் இறால் பண்ணை இல்லை.

கடலுக்கு ஓய்வு தருவது மீன் வளர்ப்பு என்று மேலே சொன்னோம். இறாலுக்கு அந்தப் புகழும் முழுதாகப் பொருந்தாது. இறால் தீவனத்தில் மீன்தூள் கலக்கிறார்கள். அந்தத் தூள் வானத்திலிருந்து விழுவதன்று. மத்தியும் பிற சிறுமீனும், இழுவை வலையில் சிக்கிய குஞ்சும் அரைபட்டுத் தூளாகின்றன. ஏழை வீட்டுச் சட்டிக்குப் போகவேண்டிய மீன் ஆலைக்குப் போகிறது. ஆலையிலிருந்து இறாலுக்குப் போகிறது. இறால் சீமான் வீட்டு மேசைக்குப் போகிறது. மெலிந்தவன் தட்டிலிருந்து எடுத்துக் கொழுத்தவன் தட்டில் வைப்பதற்கு வளர்ச்சி என்று பெயர் சூட்ட நாம் உடன்படோம்.

அயலிலிருந்து வரும் இனங்களைப் பற்றியும் ஒரு சொல். 1952-ம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த திலாப்பியாவை நம் மக்கள் ஜிலேபிக் கெண்டை என்பர். ஏழைக்கு மலிவான மீன் என்று அழைத்து வரப்பட்டது. இன்று ஏரியிலும் ஆற்றிலும் புகுந்து, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்டது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியோ கோழிக் கழிவைத் தின்று மறைவான குட்டைகளில் கொழுக்கிறது. வெள்ளத்தில் கரை உடைந்தால் ஆற்றுக்கு வருகிறது. வந்த மீனைத் திருப்பி அனுப்ப வழியில்லை. 2009-ம் ஆண்டு முதல் அனுமதி பெற்றுப் பெருகிய வனாமி இறாலும் பசிபிக் கரையிலிருந்து வந்ததே. எச்சரிக்கை இங்கே அச்சமன்று, அறிவு.

இனி, எதிர்வாதத்துக்கு வருவோம். 2022-23-ம் ஆண்டில் நம் நாடு 17 லட்சம் டன்னுக்கு மேல் கடலுணவை ஏற்றுமதி செய்து ஏறத்தாழ 64,000 கோடி ரூபாய் ஈட்டியது. அதில் பெரும்பங்கு உறையவைத்த இறால். இதை இழக்கலாமா என்று கேட்கின்றனர். பெருமுதலாளி மட்டும் அல்லன், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனும் இன்று இறால் வளர்க்கிறான். அவன் வயிற்றில் அடிக்கலாமா என்றும் கேட்கின்றனர். இந்தக் கேள்வியை நாம் தட்டிக் கழிக்கவில்லை. ஏற்கெனவே உவராகி, நெல்லுக்கு உதவாது என்றாகிவிட்ட நிலம் கரையோரம் உண்டு. அங்கே முறையாகப் பதிவு செய்து, கழிவைத் தெளியவைத்து, அளவோடு வளர்ப்பவரை நாம் குறைகூறவில்லை. அவர்களுக்குக் கடனும் நோயற்ற குஞ்சும் அரசு தரட்டும். ஆனால் 64,000 கோடி என்று வரவைச் சொல்பவர், கரித்த கிணற்றையும் கெட்ட வயலையும் இழந்த கூலியையும் செலவில் எழுதினாரா? வரவு ஒருவனுக்கு, செலவு ஊருக்கு என்பது எந்த நாட்டுக் கணக்கு?

2004-ம் ஆண்டின் ஆழிப்பேரலையை நினைவூட்டுகிறோம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைந்தது. காடு கவசமாயிற்று. தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் ஈக்குவடாரிலும் அத்தகைய காடுகளை வெட்டித்தான் இறால் குளங்கள் வெட்டினர். அந்தத் தவறு இங்கே வேண்டா.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவை:

ஒன்று: கடலோர மாவட்டங்களில் உள்ள பண்ணைகள் அனைத்தையும் பழைய நில ஏடுகளோடு ஒப்பிட்டு ஆராய்க. விளைநிலமாக இருந்தது எது என்பதை ஊரறிய வெளியிடுக. வேளாண் மண்டலத்தின் தடைப் பட்டியலில், விளைநிலத்து இறால் பண்ணையையும் சேர்க்க.

இரண்டு: பட்டாவை எண்ணாமல் வாய்க்காலை எண்ணுக. ஒரே வாய்க்காலில் கழிவு விடும் பண்ணைகள் எத்தனை சிறியவை ஆயினும், கூட்டுத் தெளிவுக் குளம் கட்டாயம் என்று விதி செய்க.

மூன்று: ஒவ்வொரு பருவத்தின் முன்னும் பின்னும் பக்கத்துக் கிணறுகளின் உப்பளவைச் சோதித்து, ஊராட்சி மன்றத்தின் சுவரில் எழுதுக, கிராம சபையில் படித்துக் காட்டுக. பள்ளிச் சிறுவனும் படிக்கும் தமிழில் அது இருக்கட்டும்.

நான்கு: பண்ணை தொடங்குமுன்னரே, நிலத்தைத் திருத்துவதற்கான வைப்புத்தொகை பெறுக. பூட்டிவிட்டு ஓடினால், அந்தப் பணத்தில் ஜிப்சம் இட்டு, நன்னீர் பாய்ச்சி, மண்ணை மீட்க வழி இருக்கும்.

ஐந்து: உள்நாட்டுக் குளங்களைக் கவனிக்க. ஏரிகளின் மீன்பாசிக் குத்தகையைப் பெரும்புள்ளிகளுக்கு ஏலம் விடாமல், ஊர் மீனவர் கூட்டுறவுக்கும் மகளிர் குழுவுக்கும் தருக. மீன் பிடிக்கவேண்டும் என்பதற்காக மதகைத் திறந்து பாசன நீரை வடிக்கும் அடாவடிக்கு முற்றுப்புள்ளி வைக்க. மதகின் சாவி உழவன் கையில் இருக்கட்டும். வலை மீனவன் கையில் இருக்கட்டும்.

பெரும்பொருள் கேட்கும் திட்டங்கள் அல்ல இவை. மனம் இருந்தால் போதும். கோட்டையில் இருப்போரும் தில்லியில் இருப்போரும் ஒருமுறை கடைமடைக்கு வந்து, பண்ணைக்குப் பக்கத்துக் கிணற்றில் ஒரு குவளை நீர் மொண்டு குடித்துப் பார்க்கட்டும். அறிக்கை வேண்டாம், ஆய்வுக் குழு வேண்டாம், அந்த ஒரு குவளை நீர் உண்மையைச் சொல்லும்.

மீன் வளரட்டும். அது உழவன் வாழ்வோடு சேர்ந்து வளரட்டும். அவன் வாழ்வைத் தின்று வளரவேண்டாம்.